எஃப்.சி. இருக்கிறது, பிரேக் இல்லை: யாரைக் கேட்பது?

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 31. இலவம்பாடி, ஒடுகத்தூர் சுற்றுவட்டாரத்தில் கத்தரிக்காயும் மற்ற காய்களும் எடுத்து வேலூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். சீசனில் பீஞ்சமந்தை மலையிலிருந்து புளி மூட்டையும் இறக்குவார். வாடகை வண்டிக்கே பாதி லாபம் போகிறதே என்று, மனைவியின் நகையை அடகு வைத்து, 2015 மாடல் பிக்கப் ஒன்றை 3,85,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். பேசி முடித்தது ஒரு புரோக்கர். "எஃப்.சி. இன்னும் பத்து மாசம் இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்று வண்டியின் தகுதிச் சான்றை (எஃப்.சி.) காட்டி அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இன்னும் போனில் இருக்கிறதாம்.

வாங்கி மூன்று வாரம். புளி லோடோடு மலை இறங்கும்போது பிரேக் பெடல் தரையைத் தொட்டிருக்கிறது. கியரைக் குறைத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியதால் அவரும் கூட வந்த மைத்துனரும் தப்பித்தார்கள். மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்திருக்கிறது. பின் இடது சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயை மடக்கி, சுத்தியலால் தட்டி அடைத்திருந்தார்கள். அடுத்து, பின் கமான் (ஸ்பிரிங் பட்டை) பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பழைய விரிசல், அதன்மேல் வெல்டிங், அதற்கும் மேல் புதுக் கருப்புப் பெயின்ட்.

அவர் கேட்பது இவை. கவர்மென்ட்டே சரி என்று சர்டிபிகேட் கொடுத்த வண்டி இப்படி இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மேல் கேஸ் போடலாமா? வித்தவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? "வண்டியை ஓட்டிப் பார்த்து, திருப்தியடைந்து வாங்கிக்கொண்டேன்" என்று டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டாகிவிட்டதே, அதோடு எல்லாம் முடிந்ததா? ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது, அதனால் எதுவும் சிக்கலா? எஃப்.சி.யும் இன்சூரன்சும் உயிரோடு இருப்பதால் சின்னதாக வேலை பார்த்து ஓட்டிக்கொண்டே கேஸ் நடத்தலாமா? கடைசியாக, "அதே எஃப்.சி.யைக் காட்டி வேறு ஆளுக்குத் தள்ளிவிடலாம்" என்கிறாராம் புரோக்கர்.

தம்பி, முதலில் நீங்களும் மைத்துனரும் உயிரோடு இருப்பது பெரிய விஷயம். அதனால் கடைசிக்கு முந்தின கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: ஓட்டக் கூடாது. மார்க்கெட் வரைக்கும்கூட. தவணையும் வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டியை நிறுத்து என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் பேச என்னால் முடியாது. கொஞ்ச நாளைக்குப் பழையபடி வாடகை வண்டியில் காய் அனுப்புங்கள். அந்த வாடகை ரசீதுகளை எடுத்து வையுங்கள். நஷ்டஈடு கேட்கும்போது அதையும் கேட்கலாம்.

எஃப்.சி. எதைச் சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 56. வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிக்குத் தகுதிச் சான்று இல்லாவிட்டால், அதன் பதிவே செல்லுபடியானதாகக் கருதப்படாது. எட்டு வருஷம் வரையுள்ள வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கு மேற்பட்டதற்கு வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். உங்கள் வண்டி 2015 மாடல், எஃப்.சி. பத்து மாதம் பாக்கி. அப்படியென்றால் விற்பதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால்தான் எடுத்திருக்கிறார்கள். விற்பதற்காகவே எடுத்த எஃப்.சி.யாக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட எஃப்.சி.யைப் பார்த்து இன்னும் கூடுதலாக விசாரித்திருக்க வேண்டும். நீங்கள் அதைப் பார்த்து நிம்மதியாகிவிட்டீர்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 62ஆவது விதி எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. ஹெட்லைட், மற்ற விளக்குகள், ரிஃப்ளெக்டர், கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை, பிரேக், ஸ்பீடோமீட்டர், ஸ்டியரிங். பிரேக் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன்னால் வண்டி காலியாக நிற்கிறது. காலி வண்டியை மைதானத்தில் மெதுவாக ஓட்டி பிரேக் அடித்தால் மூன்று சக்கரம் பிடித்தாலே நின்றுவிடும். ஒன்றரை டன் ஏற்றி, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே மலை இறங்கும்போது கதை வேறு. நாலு சக்கரம் சுமக்க வேண்டிய வேலையை மூன்று சுமக்கும். டிரம் சூடேறும், லைனிங் பிடி விடும், ஆயில் கொதித்தால் பெடலும் இறங்கிவிடும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். ஒழுகுகிற வீல் சிலிண்டரை மாற்றச் சோம்பல்பட்டோ காசு மிச்சம் பிடிக்கவோ குழாயை அடைத்திருக்கிறார்கள். பெடல் கெட்டியாக இருக்கும், கீழே ஆயில் கசிவும் தெரியாது. வாங்குகிறவருக்குச் சந்தேகம் வராது.

ஒவ்வொரு சக்கரத்தின் பிடிப்பையும் தனித்தனியாக அளக்கும் ரோலர் பிரேக் டெஸ்டரில் ஏற்றியிருந்தால் இடது வலது வித்தியாசம் உடனே காட்டியிருக்கும். அதற்காகத்தான் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு 2021இல் விதிகள் கொண்டுவந்தார்கள். மனிதர் கண்ணால் பார்த்துக் கொடுக்கும் சான்றில் இந்த ஓட்டை எப்போதும் உண்டு. எஃப்.சி.க்கு முன்னால் நம் பட்டறைகளில் நடக்கும் வேலையும் ஊரறிந்தது. டிங்கரிங், பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர், சில இடத்தில் இரவல் டயர்கூட. எஃப்.சி. முடிந்ததும் டயர் திரும்பப் போய்விடும். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் நிலையைப் பற்றி அந்தத் தாள் உங்களுக்கு எதுவுமே சொல்வதில்லை.

ஆக, "கவர்மென்ட் கேரன்டி" என்று நீங்கள் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டியிருக்கிறது. அந்தத் தேதியில், அந்தச் சோதனையில், சட்டம் கேட்ட குறைந்தபட்சம் இருந்தது என்பதற்கு மேல் எஃப்.சி. எதையும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அடுத்த எஃப்.சி. வரைக்கும் வண்டியைச் சரியாக வைத்திருக்கும் கடமை ஓட்டுகிறவர் தலையில்தான் இருக்கிறது. பிரிவு 190 இதை நேராகவே சொல்கிறது: தெரிந்த குறையோடு மட்டுமில்லை, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஆபத்தான குறையோடு ஓட்டினாலும் குற்றம்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மேல் வழக்கு

போட முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பணத்தையும் இரண்டு மூன்று வருஷத்தையும் அதில் கொட்ட வேண்டாம் என்பேன். அரசு மீது உரிமையியல் வழக்கு என்றால் முதலில் இரண்டு மாத நோட்டீஸ். அதன்பிறகு, சோதனை நாளன்றே அந்தக் குழாய் அடைபட்டிருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். "அதற்கப்புறம் யாரோ செய்திருக்கலாம்" என்ற ஒரே வரியில் அவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். எஃப்.சி. கொடுப்பது சட்டப்படியான கடமை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சேவை இல்லை என்பதால் நுகர்வோர் ஆணையத்திலும் அது நிற்பது கஷ்டம்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு, உங்கள் வண்டியின் கடைசி எஃப்.சி. சோதனைப் பதிவின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தச் சோதனைக்கு வண்டியை யார் கொண்டுவந்தார், என்ன குறை எழுதித் திருப்பி அனுப்பினார்கள், அப்புறம் எப்போது பாஸ் ஆனது என்பது அதில் கிடைத்தால், வித்தவருக்கு எதிரான உங்கள் வழக்குக்கு அது பலம். புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். வண்டி தகுதியில்லாமல் இருக்கிறது என்று அதிகாரிக்குத் தெரிந்தால், காரணம் எழுதி எஃப்.சி.யை ரத்து செய்ய பிரிவு 56இலேயே அதிகாரம் இருக்கிறது. முதல் அடி உங்கள் வண்டிக்குத்தான் விழும். வண்டிதான் நிற்கப் போகிறதே, அதற்குப் பயந்து புகாரை விடவும் வேண்டாம்.

வித்தவரும் புரோக்கரும்

உங்கள் பலம் இங்கேதான் இருக்கிறது. பழைய சாமானை விற்கிறவர் அதன் எல்லாக் குறையையும் தானாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நம் சட்டம் பொதுவாகக் கேட்பதில்லை. பார்த்து வாங்குவது வாங்குகிறவர் பொறுப்பு. ஆனால் சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. தெரிந்த ஒரு உண்மையை முனைந்து மறைப்பதை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மோசடி என்கிறது. விரிசல்மேல் வெல்டிங் வைத்து, அதன்மேல் புதுப் பெயின்ட் அடித்தது அந்த வகையில் வரும். "நீங்கள் கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே" என்று எதிர்த்தரப்பு கேட்கும். வெறும் மௌனமாக இருந்திருந்தால் அந்த வாதத்துக்கு வலு உண்டு. பெயின்ட் அடித்து மூடியவர் அதைச் சொல்ல முடியாது. டெலிவரி நோட்டில் உள்ள "திருப்தியடைந்து வாங்கிக்கொண்டேன்" வரியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிந்த கீறல், தேய்ந்த டயர், கிழிந்த சீட்டுக்கு அது பொருந்தும். மோசடிக்கு அது கவசம் ஆகாது.

நீங்கள் நிரூபிக்க வேண்டியது, வித்தவருக்கு இது தெரியும் என்பது. அவருக்கு முன்னால் இருந்த ஓனர் செய்த வெல்டிங்காகவும் இருக்கலாம் அல்லவா? பெயின்ட் எப்போது அடித்தது, எந்தப் பட்டறை, அவர் எத்தனை வருஷம் வைத்திருந்தார் என்பதை விசாரியுங்கள். பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், சாட்சியாக வேண்டியவர் அவர்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றால், வித்தவர் தன் சொந்த வண்டியை விற்ற தனி ஆள் என்பதால் அவர் வியாபாரி ஆக மாட்டார். அவர்மேல் உரிமையியல் நீதிமன்றம்தான். புரோக்கர் பழைய வண்டி வாங்கி விற்பதையே தொழிலாக வைத்து உங்களிடம் கமிஷன் வாங்கியிருந்தால், அவர்மேல் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். "சரக்கு வண்டி, வியாபாரத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று சொல்லிப் பார்ப்பார்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியதை வணிக நோக்கம் என்று கருதக் கூடாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. நீங்களே ஓட்டி, நீங்களே காய் ஏற்றுகிறீர்கள். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்பதா, வைத்துக்கொண்டு ரிப்பேர் செலவைக் கேட்பதா என்பதை சேசிஸ்தான் தீர்மானிக்கும். பிரேக் வேலை பெரிய செலவில்லை. சேசிஸ் விஷயத்தில் கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ லைசென்ஸ் உள்ள இன்சூரன்ஸ் சர்வேயரிடமோ எழுத்தில் கருத்து வாங்குங்கள். சரிசெய்ய முடியும் என்றால் ரிப்பேர் செலவும் வேலை இழப்பும் கேட்பது சீக்கிரம் முடியும். தாங்காது என்றால் திருப்பிக் கொடுப்பதுதான் வழி. அப்போது ஒரு நாள்கூட அந்த வண்டியில் லோடு ஏற்றியிருக்கக் கூடாது. குறை தெரிந்த பிறகும் பயன்படுத்தினால், ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று ஆகிவிடும். சேசிஸையே மாற்றுவதென்றால் அதில் பொறித்த எண்ணும் மாறும், ஆர்.டி.ஓ. அனுமதி வாங்காமல் அந்த வேலைக்குப் போகக் கூடாது.

ஆர்.சி. பெயர்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இந்த இடம்தான். நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். "கடன் கொஞ்சம் அடைந்ததும் மாத்திக்கலாம் என்று விட்டுவிட்டேன்."

ஒரே மாநிலத்துக்குள் விற்றால் வித்தவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கினவர் 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, 30. ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் சட்டத்தின் கண்ணில் ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. டெலிவரி நோட்டில் மணி, நிமிஷம் போட்டு எழுதி வாங்கினாலும் விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ள வித்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். இதனால் வித்தவருக்கும் பெயர் மாற வேண்டிய அவசரம் இருக்கிறது. சமரசம் பேசும்போது இதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம்.

உங்கள் வீட்டுக்கு இதில் உள்ள ஆபத்து இதைவிடப் பெரியது. பாலிசியில் ஓனர் டிரைவருக்கு 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. அது ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பெயர் உள்ள, லைசென்ஸ் வைத்திருக்கும் ஓனருக்கு மட்டும். அன்றைக்கு மலையில் உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால், உங்கள் மனைவியால் அந்தப் பணத்தைக் கேட்டிருக்க முடியாது. ஓனரின் இடத்தில் இருந்து ஓட்டியவர் என்பதால் மூன்றாம் நபர் என்றும் கேட்க முடியாது. நகையும் அடகில், ஆளும் இல்லை, கையில் ஒன்றும் இல்லை. தயவுசெய்து இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள், அந்தப் பக்கத்தில் பெயர் மாற்றாமல் ஓடும் மற்ற வண்டிக்காரர்களுக்கும் சொல்லுங்கள்.

இன்சூரன்சில் இன்னும் ஒரு விஷயம். வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே வாங்கினவருக்கு வந்துவிடும். வண்டிக்கு ஏற்படும் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. அதை மாற்ற 14 நாளில் கேட்டிருக்க வேண்டும். பாலிசி நிபந்தனையிலேயே வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கும். விபத்து நடந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து, இயந்திரக் கோளாறு காரணமா என்று அறிக்கை தருவார். "பிரேக் குழாய் அடைக்கப்பட்டிருந்தது" என்று அதில் வந்துவிட்டால், கையில் எஃப்.சி. இருக்கிறதே என்று நீங்கள் சொல்வது எடுபடாது. குறை தெரிந்தும் ஓட்டி ஒரு உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106இல் ஐந்து வருஷம் வரை சிறை.

பெயரை இப்போது மாற்றினால் வண்டியை ஏற்றுக்கொண்டதாக ஆகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதலில் நோட்டீஸ் அனுப்புங்கள். "30 நாள் கெடு இருப்பதால், சட்டத்தை மதித்து விண்ணப்பிக்கிறேன், என் கோரிக்கைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை" என்று அதிலேயே ஒரு பத்தி இருக்கட்டும். அப்புறம் விண்ணப்பியுங்கள். வண்டிமேல் செல்லானோ பைனான்ஸ் பதிவோ இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியில் அதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

புரோக்கர் சொன்ன யோசனை

வேண்டாம். உங்களுக்கு இப்போது குறை தெரியும். தெரிந்து, மறைத்து விற்றால் வித்தவர் உங்களுக்குச் செய்த அதே மோசடியை நீங்கள் செய்கிறீர்கள்; அதே 17ஆம் பிரிவு உங்கள்மேல் திரும்பும். வாங்குகிறவர் ஒடுகத்தூரிலோ பேர்ணாம்பட்டிலோ உங்களைப் போலவே நகை அடகு வைத்து வரும் ஒரு பையனாகத்தான் இருப்பார். உள்ளதைச் சொல்லி, சேசிஸ் அறிக்கையையும் கொடுத்து, விலையைக் குறைத்து விற்பது தப்பே இல்லை. ஆனால் அதையும் நோட்டீசுக்குப் பதில் வந்த பிறகு, வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வண்டிதான் உங்கள் முக்கியமான சாட்சி.

இந்த வாரம் செய்ய வேண்டியது

மெக்கானிக்கிடம் இப்போதே போய், அந்த மடக்கிய குழாயையும் வீல் சிலிண்டரையும் பழைய இரும்பில் போட்டுவிடாமல் கேட்டு வாங்கி, ஒரு பையில் கட்டி வையுங்கள். பெயின்டைச் சுரண்டுவதற்கு முன்னும் பின்னும் வெல்டிங்கைப் படம் எடுங்கள். சேசிஸ் எண்ணும் நம்பர் பிளேட்டும் தெரியும்படி சில படங்கள் இருக்கட்டும். என்ன பார்த்தார் என்பதை மெக்கானிக் தன் பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். புரோக்கரின் குரல் பதிவு உள்ள போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். கோர்ட்டில் அதைத் தாக்கல் செய்யப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் சான்று தேவைப்படும், அதற்கு மூல போன் இருப்பது நல்லது.

வித்தவர், புரோக்கர் இருவருக்கும் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ். வக்கீல் ஃபீஸ் கட்ட இப்போது முடியாது என்றால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்கு போடுவதற்கு முன்பே இரண்டு தரப்பையும் கூப்பிட்டு சமரசம் பேச அங்கே வழி இருக்கிறது. உங்கள் வழக்கு அங்கேயே முடிய வாய்ப்பு இருக்கிறது. போகும்போது டெலிவரி நோட், வங்கிக் கணக்கில் பணம் போன விவரம், ஆர்.சி., எஃப்.சி., பாலிசி நகல்கள், மெக்கானிக் எழுதிய பில், வாடகை வண்டி ரசீதுகள், அந்தக் குழாய் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.